இரண்டு துண்டு வெந்த ஞாயிறு

ஆல்வினா உபென் தன் அண்ணன் எல்டனைப் பழிவாங்க ஒன்பது வருஷம் காத்திருந்தாள். அந்த ஒன்பது வருஷமும் ஞாயிறு தவறாமல் சர்ச்சில் அவனுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து, அவன் பிடரியைப் பார்த்தபடியே மன்னிப்பைப் பற்றிய பிரசங்கங்களைக் கேட்டாள். பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டை அனுப்பினாள். கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் மழை வருமா வராதா என்று இரண்டு நிமிஷம் பேசினாள். வெளியூர்க்காரர் யாராவது பார்த்திருந்தால், அண்ணன் தங்கை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று மெச்சிவிட்டுப் போயிருப்பார்.

ஆரிக்கில் நாங்கள் அப்படித்தான். அயோவாவின் இந்த மூலையில் கோபம் வந்தால் யாரும் கத்துவதில்லை. இங்கே குரலை உயர்த்துவது பன்றிகளைக் கூப்பிட மட்டும்தான். ஒருத்தி செய்த சாப்பாடு வாயில் வைக்க வழங்கவில்லை என்றால், "இது வித்தியாசமா இருக்கே" என்று சிரித்துக்கொண்டே சொல்வோம். அதைக் கேட்டவள் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள். சாப்பாடு அமிர்தமாக இருந்தால் "மோசமில்ல" என்போம். அதற்கு மேல் புகழ்ந்தால் நடிக்கிறான் என்று அர்த்தம்.

ஆல்வினாவின் பன்றி சாப்ஸை ஊரே மோசமில்லை என்றுதான் சொல்லும். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குப் பொங்கிப் போட்ட கை அது. பள்ளியில் அவள் சமைத்தது அரசாங்கம் எழுதிக் கொடுத்த உப்புச் சப்பில்லாத பட்டியல். தனக்கென்று சமைத்தது ஒன்றே ஒன்று: எலும்போடு கூடிய ஒரு விரல்கடை தடிமன் பன்றித் துண்டு, புளிப்பு ஆப்பிள், உலர்ந்த பிளம்ஸ், வெங்காயம், எல்லாம் ஒரே இரும்பு வாணலியில். சர்ச்சில் வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கும் பொது விருந்துக்கு அதைத்தான் செய்வாள். பரிமாறுவதும் அவளேதான். எல்டன் தட்டை நீட்டும்போது, ஓரத்தில் காய்ந்து கிடக்கும் துண்டாகப் பார்த்துத் தேடி எடுத்து வைப்பாள். ஒன்பது வருஷம், பதினெட்டு விருந்து, பதினெட்டு வறட்டுத் துண்டு. "வயசாயிடுச்சு, தங்கச்சிக்குக் கைப்பக்குவம் போயிடுச்சு" என்று அவன் ஊரெல்லாம் வருத்தப்பட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான். ஊரில் மற்ற எல்லோருக்கும் துண்டு வெண்ணெய் மாதிரி வெட்டுப்பட்டதால், அவன் சொன்னது யாருக்கும் விளங்கவில்லை.

ஆனால் இதெல்லாம் பழி ஆகுமா? வெறும் கொறிப்பு. அவள் காத்திருந்தது வேறு ஒன்றுக்கு.

நடந்தது இதுதான். அவர்களுடைய அப்பா ஃபோல்கர்ட் பக்கவாதம் வந்து பதினான்கு வருஷம் படுக்கையில் கிடந்தார். ஆல்வினா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காலையில் அவரைத் துடைத்து, உடை மாற்றி, ஊட்டிவிட்டுப் பள்ளிக்கு ஓடுவாள். மூன்று மணிக்குத் திரும்பி வந்து மறுபடியும் அதே வேலை. எல்டனும் அவன் மனைவி ஜாய்ஸும் ஊருக்குள் வாடகை வீட்டில் இருந்தார்கள். நிலத்தையும் பன்றிக் கொட்டகைகளையும் எல்டன் பார்த்துக்கொண்டான். தினமும் கொட்டகைக்கு வருவான். நூறடி தள்ளி இருந்த வீட்டுக்குள் வருவது மட்டும் ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும்தான்.

அப்பா ஓர் உயில் எழுதி வைத்திருந்தார். நிலம் எல்டனுக்கு. அதில் ஆல்வினாவுக்கு வருத்தமே இல்லை. உழுபவனுக்குத்தான் நிலம் என்பது இங்கே ஞானஸ்நானம் மாதிரி, யாரும் கேள்வி கேட்பதில்லை. வீட்டைப் பற்றி மட்டும் ஒரு வரி: "வீட்டை இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளவும்." செத்தும் வாயைத் திறக்க மனமில்லாத மனிதர்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் வக்கீல் அந்த வீட்டுச் சமையலறை மேஜைக்கே வந்தார். எல்டன் காபியைக் கலக்கிக்கொண்டே கேட்டான்.

"வீடு உனக்கு வேணுமா ஆல்வினா?"

"ஐயோ, எனக்கெதுக்கு அவ்வளவு பெரிய வீடு?" என்றாள் ஆல்வினா.

இதற்கு என்ன அர்த்தம் என்று ஆரிக்கில் ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். எங்களிடம் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்போம். இரண்டாம் தடவை, உங்களுக்கு ஏன் சிரமம் என்போம். மூன்றாம் தடவை கேட்டால்தான், நீங்க இவ்வளவு தூரம் சொல்றதால என்று இழுத்துக்கொண்டே கை நீட்டுவோம். ஒரு துண்டு கேக் ஆனாலும் சரி, கிடாரிக் கன்று ஆனாலும் சரி. முதல் தடவையே சரி என்பவன் பேராசைக்காரன். ஒரு தடவை மட்டும் கேட்டு நிறுத்துபவன் கேட்கவே இல்லை என்று கணக்கு.

எல்டன் ஒரு தடவை கேட்டான். அவள் முதல் வேண்டாமைச் சொல்லிவிட்டு இரண்டாவது கேள்விக்காகக் காத்திருந்தாள். வக்கீல் இந்த ஊர்க்காரர்தான். அவரும் பேனாவை மேலே தூக்கிக்கொண்டு காத்திருந்தார். ஜாய்ஸ் மேஜை விரிப்பில் இருந்த பூவை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"சரி அப்ப" என்றான் எல்டன். "அவளுக்கு வேண்டாமாம். எழுதிக்குங்க."

ஆல்வினா வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வேணும் என்ற ஒரு வார்த்தை. ஐம்பத்தேழு வருஷம் அந்த வார்த்தையைச் சொல்லாமலே வளர்ந்தவளுக்கு அது நாக்கில் எப்படி வரும்? எழுந்து போய் எல்லோருக்கும் இன்னொரு கோப்பை காபி ஊற்றினாள். மாதக் கடைசியில் ஜாய்ஸ் திரைச்சீலைக்கு அளவெடுக்க வந்தாள். ஆல்வினாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீதானே வேண்டாம்னே" என்றாள். வேண்டாம்னா வேண்டாம்தானே என்றும் சேர்த்துக்கொண்டாள்.

ஆல்வினா அந்த வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தது துணிமணியும் இரும்பு வாணலியும்தான். கடைத்தெருவில் மூடிக்கிடந்த சாமான் கடைக்கு மேலே இரண்டு அறை வாடகைக்குக் கிடைத்தது. ஒரே ஜன்னல். அதுவும் தானியக் கிடங்கின் தகரச் சுவரைப் பார்த்தது. பழைய வீட்டுச் சமையலறைக்கு இரண்டு ஜன்னல். கிழக்கு ஜன்னலில் விடியும், மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஆப்பிள் மரம். அந்த அறையில் நின்று வெங்காயம் நறுக்குவதற்காக அவள் எதையும் கொடுத்திருப்பாள். கல்யாணம், குழந்தை, ஊர் சுற்றுவது என்று மற்றப் பெண்கள் எதற்கெல்லாம் ஏங்கினார்களோ அந்த ஏக்கம் முழுவதும் இவளுக்கு அந்த இரண்டு ஜன்னல்மேல் இருந்தது. சரியான முட்டாள்தனம் என்று அவளே தன்னைத் திட்டிக்கொள்வாள். திட்டினால் போகிற ஆசையா அது?

அதனால் அவள் ஒன்றை மனதில் வைத்துக் கறுவிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் எல்டன் வந்து கேட்க வேண்டும். முறைப்படி, மூன்று தடவை. அவன் வாயாலேயே. மாடிப்படி ஏறும்போதெல்லாம் அதற்கான பதிலைச் சொல்லிப் பார்த்துக்கொள்வாள்: "நீ இவ்வளவு தூரம் சொல்றதால."

ஜாய்ஸ் இரண்டு வருஷத்துக்கு முன் இறந்துபோனாள். அடக்கத்துக்குப் பின் நடந்த சாப்பாட்டில் ஆல்வினாதான் பாத்திரம் முழுவதும் கழுவினாள். எல்டன் தனியாக டப்பா சூப்பைச் சூடு பண்ணிக் குடித்துக்கொண்டிருந்தான். ஆகஸ்டில் கொட்டகைப் படியில் விழுந்து இடுப்பில் அடிபட்டது. மகன் கென்ட் அரிசோனாவில் இருந்தான். அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடப் போவதாகப் பேச்சு. இதெல்லாம் ஆல்வினாவின் காதுக்கு வந்தது. அவள் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

அக்டோபர் கடைசி ஞாயிறு. சர்ச்சிலிருந்து வந்து, காலையிலேயே வெளியே எடுத்து வைத்திருந்த இரண்டு சாப்ஸைத் துணியால் ஒற்றி உப்பும் மிளகும் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று அன்று மத்தியானத்துக்கு, மற்றது திங்கட்கிழமைக்கு. எதிர் அறையில் குடியிருக்கும் இமெல்டா, பன்றிக்கறித் தொழிற்சாலையில் வெட்டு மேஜையில் வேலை பார்ப்பவள், நல்ல துண்டாகப் பார்த்துக் கொண்டுவந்து கொடுத்தது. படியில் பெரிய மூச்சு கேட்டது. கதவைத் திறந்தால் எல்டன். ஒரு கையில் தடி, மறு கையில் காகிதப் பை.

"மூச்சு வாங்குது. எத்தனை படி இது?"

"இருபத்திரண்டு. ஒம்போது வருஷமா அதே இருபத்திரண்டுதான்."

அவன் முதல்முறையாக அங்கே வந்திருந்தான். சுற்றிப் பார்த்தான். பார்க்க அதிக நேரம் ஆகவில்லை.

"மேக்கால மரத்துது" என்று பையை மேஜைமேல் வைத்தான். "இந்த வருஷம் நல்லா காய்ச்சிருக்கு. சும்மா கீழ விழுந்து கெடக்குது."

ஆல்வினா பைக்குள் பார்த்தாள். சிறிய, சிவந்த, தோலில் மருப்படர்ந்த ஆப்பிள்கள். அந்த மணம் நெஞ்சில் போய் இடித்தது. ஒன்பது வருஷமாகக் கடை ஆப்பிளைப் போட்டு, அதன் திகட்டலை அடக்க வினிகரைக் கூட்டிக் கூட்டிச் சமைத்து வந்தவள் அவள்.

"ஒக்காரு" என்றாள்.

அவன் உட்கார்ந்தான். அவள் வாணலியை அடுப்பில் ஏற்றினாள். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தபோது அது துள்ளி ஓடியது. இடுக்கியால் இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து, கொழுப்பு ஓரம் கீழே இருக்கும்படி நிமிர்த்தி வைத்தாள். கொழுப்பு உருகி வாணலி முழுக்கப் பரவியது, எண்ணெய் என்று தனியாக எதுவும் வேண்டாம். பிறகு துண்டுகளைப் படுக்கவைத்துத் தொடாமல் நின்றாள். பாதிப்பேர் கெடுப்பது இங்கேதான். புரட்டிப் புரட்டிப் பார்த்துக் கறியை அழவைத்துவிடுவார்கள். இருபுறமும் செம்பழுப்பானதும் எடுத்துத் தட்டில் வைத்தாள். அதே கொழுப்பில் வெங்காயம். எல்டன் கொண்டுவந்த ஆப்பிளில் மூன்றைத் தோலோடு கீறி, வெட்டிய முகம் வாணலியில் படும்படி அடுக்கினாள். கையளவு பிளம்ஸ், அரை டம்ளர் ஆப்பிள் சாறு, ஒரு கரண்டி கடுகு விழுது. வினிகர் புட்டியை எடுத்தவள் மறுபடி வைத்துவிட்டாள். இந்தப் புளிப்புக்கு அது தேவையில்லை. அடியில் பிடித்ததையெல்லாம் மரக்கரண்டியால் சுரண்டிக் கரைத்து, துண்டுகளைத் திரும்ப நடுவில் வைத்து மூடினாள்.

அறை முழுக்க மணம் நிறைந்தது. எல்டனுக்கு எச்சில் ஊறியதைத் தொண்டை காட்டிக்கொடுத்தது.

"மோசமில்ல வாசனை" என்றான்.

"சாப்பிட்டியா எல்டன்?"

"ஆச்சு, ஆச்சு. நேத்து சூப் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு."

"இங்க சாப்பிடறியா?"

"ஐயோ வேண்டாம். உனக்கு எதுக்குச் சிரமம்?"

ஆல்வினா ஒன்றும் திட்டமிடவில்லை. சத்தியமாக இல்லை. இரண்டாவது தடவை கேட்கத்தான் வாயைத் திறந்தாள். அறுபத்தாறு வருஷப் பழக்கம். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"சரி" என்றாள்.

அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் அவன் காத்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. அந்தக் காத்திருப்பின் நீளம் அவளைவிட யாருக்குத் தெரியும்? ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். நாற்காலி கிறீச்சிட்டது.

"ரெண்டு துண்டு போட்டிருக்க போல."

"ஆமா."

"பெரிய துண்டு."

"ஆமா. இமெல்டா கொண்டாந்தா."

நினைத்ததும் வந்தாள் என்பார்களே, அப்படிக் கதவைத் தட்டினாள் இமெல்டா. இரவல் வாங்கிப்போன ஏணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றாள். டெக்சாஸ் எல்லைப்புறத்துக்காரி. ஆல்வினாவை "டோன்யா" என்று தன் ஊர் மரியாதையில்தான் கூப்பிடுவாள். ஆரிக்குக்கு வந்து நாலு வருஷம் ஆகியும் ஆரிக் அவளிடம் ஒட்டவில்லை.

"சாப்பிடறியா இமெல்டா?" என்றாள் ஆல்வினா.

"இதென்ன கேள்வி டோன்யா! படியிலயே மோப்பம் பிடிச்சிட்டேன். தட்டு எங்க இருக்கு?"

ஏணியைச் சுவரில் சாத்திவிட்டு, எல்டனுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆல்வினா மூடியைத் திறந்து, இரண்டு தட்டில் இரண்டு துண்டு வைத்தாள். ஆப்பிளும் பிளம்ஸும் மேலே, குழம்பு சுற்றிலும். வாணலியில் மிச்சம் எதுவும் இல்லை. எல்டன் முகத்தில் ஈயாடவில்லை.

இமெல்டா கத்தியை வைத்ததும் கறி எலும்பைவிட்டு நழுவியது. ஒரு வாய் போட்டு, கண்ணை மூடி, ஏதோ சாமி பெயரைச் சொன்னாள். அப்புறம்தான் பக்கத்தில் ஒருவர் வெறும் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளுக்கு உறைத்தது.

"பெரியவர் சாப்பிடலையா?"

"அவருக்கு வேண்டாமாம்" என்றாள் ஆல்வினா. "வேண்டாம்னா வேண்டாம்தானே?"

"எங்க ஊர்ல அப்படித்தான்" என்றாள் இமெல்டா. ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தாள். "பசிச்சா வாயத் தொறந்து சொல்லணும். ஐயா, நெஜமாத்தான் வேண்டாமா? இத விட்டீங்கன்னா பின்னால ஏங்குவீங்க."

இது இரண்டாவது தடவை. ஆனால் கேட்டது வீட்டுக்காரி இல்லை. எல்டன் தலையை ஆட்டினான். ஆல்வினா ஆப்பிள் துண்டு ஒன்றை வாயில் போட்டு மெதுவாக மென்றாள். புளிப்பும் இனிப்பும் கொழுப்பும் ஒன்றாக நாக்கில் இறங்கின. ஒன்பது வருஷத்தில் அவள் சாப்பிட்டதிலேயே நல்ல சாப்பாடு அதுதான். அண்ணன் பட்டினியாகப் பார்த்துக்கொண்டிருந்தது அதற்கு இன்னொரு ருசி. எலும்பைக்கூட விடவில்லை, எடுத்துக் கடித்தாள்.

இமெல்டா தட்டை வழித்து வைத்துவிட்டு, இரண்டு மணிக்குத் தொடங்கும் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள். எல்டன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"கென்ட் போன் பண்ணினான்" என்றான். "இல்லத்துல எடம் காலியாம். ஜனவரில சேந்துக்கலாமாம்."

"நல்ல எடம்னு சொல்றாங்க."

"ஆமா. சொல்றாங்க." தொப்பி ஒரு சுற்றுச் சுற்றியது. "வீடு பெருசா கெடக்குது ஆல்வினா. மேல நாலு ரூம் சும்மா இருக்கு. நீ வந்து இருக்கலாமே."

அவள் கையில் முள்கரண்டி இன்னும் இருந்தது. அதைத் தட்டில் வைத்தாள்.

"வேண்டாம் எல்டன். எனக்கு இங்கயே சௌகரியமா இருக்கு."

இது முதல் வேண்டாம். இதில் ஒன்றுமில்லை. இருமல் மாதிரி. அவன் என்ன செய்யப்போகிறான் என்று அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். வாழ்நாளில் யாரையும் எதற்கும் இரண்டாம் தடவை கேட்டறியாதவன்.

"அடுப்பு புதுசு. ஜாய்ஸ் போட்டது" என்றான். "நான் அதுல சூப்பு மட்டும்தான் வைக்கறேன். உன் ரூம்ல ஒரு சாமானைக்கூட நகத்தல. வந்துடேன் ஆல்வினா."

"உனக்கு எதுக்குச் சிரமம்?"

இது இரண்டாவது. இனி ஒன்றுதான் பாக்கி. கிழக்கு ஜன்னலும் மேற்கு ஜன்னலும் அவள் கண்முன்னால் வந்து நின்றன. நாக்கு நுனியில் பதில் தயாராக இருந்தது. இருபத்திரண்டு படியிலும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பதில். இவன் மட்டும் வாயைத் திறந்தால் போதும்.

எல்டன் திறந்தான். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"சமைச்சுப் போடறதுக்குக் கூப்பிடறேன்னு நெனைக்காத. உன் பேர்லயே எழுதித் தந்துடறேன். கென்ட்கிட்டயும் சொல்லிட்டேன். அன்னிக்கே செஞ்சிருக்கணும்." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஜாய்ஸுக்கு அந்த வீட்டுமேல ஆசை. மொதல் தடவை நீ வேண்டாம்னுதான் சொல்வேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் ஒரு தடவையோட நிறுத்தினேன். நாளெல்லாம் அது என்னை அரிச்சுக்கிட்டே இருக்கு. மூணாவது தடவையா கேக்கறேன் ஆல்வினா. வந்துடு."

தெரிஞ்சேதான்.

இந்த ஒன்பது வருஷமும் அவள் அவனை ஒரு விஷயத்தில் மட்டும் மன்னித்து வைத்திருந்தாள். முரடன், மந்தபுத்தி, அவசரத்தில் முறை மறந்துவிட்டான் என்று. மறந்தவன் நினைவு வந்து ஒருநாள் வருவான் என்றுதான் காத்திருந்தாள். இப்போது பார்த்தால், மேஜையில் எல்லோருக்கும் முன்னால், அவளுடைய அடக்கத்தையே கயிறாகத் திரித்து அவள் கழுத்தில் போட்டிருக்கிறான். காபியைக் கலக்கிக்கொண்டே. அவள் அவனுக்கு இன்னொரு கோப்பை வேறு ஊற்றியிருக்கிறாள்.

இப்போது அழுகிறான். சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும், வீடு அவளுக்கு, நிம்மதி அவனுக்கு. கூடவே மத்தியானத்துக்குச் சூடான சாப்ஸும்.

"வேண்டாம்" என்றாள் ஆல்வினா.

மூன்றாவது வேண்டாம் என்பதை ஆரிக்கில் யாரும் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்து இல்லை. அதற்குமேல் கேட்பதற்கு முறையும் இல்லை, வார்த்தையும் இல்லை. எல்டன் வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தான். அவளும் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பிடரியைப் பார்த்துப் பார்த்துப் பழகியவளுக்கு அந்த முகத்தைப் பார்ப்பது விருந்து மாதிரி இருந்தது.

"சரி" என்று கடைசியில் சொன்னான். தடியை ஊன்றி எழுந்தான். ஒவ்வொரு படியாக அவன் இறங்கும் சத்தத்தை அவள் எண்ணினாள். இருபத்திரண்டும் முடிந்தபிறகு எழுந்து, வாணலியைக் கல்லுப்புப் போட்டுத் தேய்த்துத் துடைத்து வைத்தாள். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்? அன்று முழுக்க முணுமுணுத்துப் பாடிக்கொண்டே இருந்தாள்.

ஜனவரியில் எல்டன் இல்லத்துக்குப் போனான். கென்ட் வந்து நிலத்தை விற்றான். வாங்கியவருக்கு மக்காச்சோளம் போட மண் வேண்டும், அதில் பழைய வீடு எதற்கு? ஊர்த் தீயணைப்புக் குழுவுக்குப் பயிற்சிக்கென்று கொடுத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் ஆளில்லாத பண்ணை வீடுகள் பெரும்பாலும் அப்படித்தான் போகும். ஆள்கள் ஓர் அறைக்குத் தீ வைப்பார்கள், அணைப்பார்கள், அடுத்த அறைக்குப் போவார்கள். எல்லாம் பழகி முடித்தபின் மொத்தத்தையும் எரிய விடுவார்கள்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை அது நடந்தது. ஊர்க்காரர்கள் மடக்கு நாற்காலியோடு சாலையோரம் வந்து உட்கார்ந்தார்கள். ஆல்வினா, இமெல்டாவின் வண்டியில் போனாள். எல்டன் வரவில்லை. மாடியில் அவளுடைய அறையில் முதலில் தீ வைத்தார்கள். பிறகு அப்பா கிடந்த அறை. அணைக்கும்போது ஒவ்வொரு ஜன்னல் வழியாகவும் கறுப்புத் தண்ணீர் வழிந்தது. பதினோரு மணிக்குக் குழாய்களைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் விலகி நின்றார்கள். சமையலறையிலிருந்து பற்றவைத்தார்கள். மேற்கு ஜன்னல் வெடித்துச் சிதறியது. பக்கத்திலிருந்த மரத்தின் தளிரெல்லாம் ஒரே நொடியில் சுருண்டது.

"இந்த வீட்டையா வேண்டாம்னு சொன்னீங்க டோன்யா?" என்றாள் இமெல்டா.

"ஆமா."

"பிடிக்காதா?"

"இந்த ஒலகத்துல இதைத் தவிர எனக்கு வேற எதுவும் பிடிச்சதில்ல."

இமெல்டா திரும்பி அவளையே பார்த்தாள். "உங்க ஊர்க்காரங்களைப் புரிஞ்சிக்கவே முடியல. அப்பறம் ஏன் வேண்டாம்னீங்க?"

"நான் சரின்னு சொல்லியிருந்தா" என்றாள் ஆல்வினா, நெருப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவன் அன்னிக்கு நிம்மதியா தூங்கியிருப்பான்."

கூரை ஒரு பக்கமாகச் சாய்ந்து, சமையலறைமேல் இறங்கியது. கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள்.

"நீங்க தூங்கறீங்களா?" என்று கேட்டாள் இமெல்டா.

"இல்ல" என்றாள் ஆல்வினா. "அவனும் தூங்கறதில்லயாம். இல்லத்துல சொன்னாங்க."